வேலி மரத்து இலையும் கீமோ மருந்தும்

"அம்மாவுக்குப் புற்றுநோய்க்காக வாரம் ஒருமுறை பாக்லிடாக்செல் டிரிப் ஏற்றுகிறார்கள். அது ஏதோ அழகு மரத்தின் இலையிலிருந்து வருகிறதாமே, அந்த இலையையே கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொடுத்தால் இதயம் நின்றுபோகலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மரத்தின் பெயர் யூ. ஐரோப்பாவில் தோட்டங்களிலும் சர்ச் வளாகங்களிலும் நிற்கும். கத்தரித்துக் கத்தரித்துப் பச்சை மதில்போல வளர்ப்பார்கள். அதன் இலையில் டாக்சைன் என்ற நஞ்சும் உண்டு. வெட்டிப்போட்ட தழையைத் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன. 'இலைதழைதானே, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சு எனக்கு எரிச்சல் மூட்டுவது இதனால்தான்.

மருந்து முதலில் கிடைத்தது இலையில் அல்ல, அமெரிக்காவின் பசிபிக் யூ மரப் பட்டையில். 1962இல் சேகரித்த பட்டை. மன்றோ வால், மன்சுக் வாணி என்ற வேதியியலாளர்கள் மருந்து மூலக்கூறின் அமைப்பை வெளியிட்டது 1971இல். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். முப்பது வருடம், பெரும்பகுதி அரசுப் பணம். மூன்றே வருடத்தில் பலன் கேட்கும் நிதித் திட்டங்களில் இது பிழைத்திருக்காது.

ஆனால் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். பிரான்சில் பியர் போத்தியே குழுவினர் ஐரோப்பிய யூ இலையில் இந்த மூலக்கூறின் பெரும்பகுதியைக் கண்டெடுத்தார்கள். வால் போன்ற ஒரு துண்டுதான் குறை. அதை ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இலையைக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும்.

சரி, இது புற்றுநோய் செல்லை என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் செங்கல்போல அடுக்கப்பட்டு, 25 நானோமீட்டர் தடிமனில் குழாய்களாகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குழாய்கள் இரு முனையிலிருந்தும் நீண்டு மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோமைத் தேடும். அகப்படாவிட்டால் நுனி பொலபொலவென்று உதிர்ந்து குழாய் சுருங்கும். அப்புறம் வேறு பக்கம் நீளும். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிற கைதான். பிடித்த குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுக்கவும் குழாய் சுருங்கியாக வேண்டும்.

நம் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, செங்கற்களைச் சேரவே விடாது. யூ மருந்தும் அப்படித்தான் ஏதோ செய்யும் என்று எதிர்பார்க்கலாம். சூசன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் காட்டியது நேர் எதிர்! இது குழாயின் உட்புறம் போய் உட்கார்ந்து செங்கற்களை இறுக்கிவிடுகிறது. கட்டிய சாரத்தைப் பிரிக்க முடியாத கொத்தனார்போல, செல் பாதி வேலையில் மாட்டிக்கொள்கிறது. கட்டுவதைத் தடுத்தாலும் சரி, பிரிப்பதைத் தடுத்தாலும் சரி, செல் பிரிய முடியாமல் சாகிறது.

முடி வேரில் உள்ள செல்களும் ஓயாமல் பிரிபவை, ஆகவே முடி கொட்டுகிறது. பிரியாத நரம்பு செல்லுக்கு ஏன் பாதிப்பு? முதுகிலிருந்து பாதம் வரை நீளும் நரம்பிழைக்குள் சரக்கு போவது இதே குழாய்கள்மேல்தான், தண்டவாளம் மாதிரி. அதனால்தான் தூரத்தில் இருக்கும் கால்விரல்கள் முதலில் மரத்துப்போகின்றன. அம்மா அப்படிச் சொன்னால் அடுத்த டிரிப்புக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வழி உண்டு.