நிலைய வாசலில் கண் கூசுகிறதா?

ரயில் நிலைய வாசலில் யாராவது தடுக்கி விழுந்தால், "வெளிச்சம் பத்தவில்லை, இன்னும் நாலு விளக்கு போடச் சொல்லுங்கள்" என்பார்கள். கண் பரிசோதகராக இதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் வரும் பெரியவர்களில் பலருக்கு அங்கே பார்வையைக் கெடுப்பதே வெளிச்சம்தான்.

எங்கள் ஊர், மலேசியாவில் ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவில் இருக்கும் பழைய தோட்டத்து ஊர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையையும் அழித்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி), பிளாட், கடைவரிசை என்று கொமுட்டர் ரயில் தடத்தை ஒட்டி நெருக்கமாகக் கட்டிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்கள் இப்போது பிளாட்டில் இருக்கிறார்கள். மகள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் ரயிலில்தான் போய் வருகிறார்கள். பொழுது சாய்ந்து திரும்பும்போதுதான் சிக்கல்.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். அந்தக் காலத்தில் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டியவர். "தம்பி, வீட்ல எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ரயில விட்டு எறங்குனா படியே தெரியல" என்றார். எழுத்துப் பலகையில் 6/9 வரிசை (ஏறக்குறைய இயல்பான பார்வை) வரை தடங்கலில்லாமல் படித்தார். அப்புறம் ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அவர் கண் மேல் அடித்துக்கொண்டே, அதே வரிசையைப் படிக்கச் சொன்னேன். படிக்க முடியவில்லை. மூன்று வரிசை மேலே போன பிறகுதான் எழுத்து பிடிபட்டது.

காரணம், தொடக்க நிலைக் கண்புரை. தூசு படிந்த கார் கண்ணாடியில் எதிர்வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்க வெளுத்துப் போகிறதல்லவா? புரை விழுந்த கண்ணுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. தோட்டத்து வெயிலில் காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதும் உண்டு. அதுவும் கண் கூச்சத்தைக் கூட்டும். போதாததற்கு, 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இருட்டுக்கு முழுமையாகப் பழக எந்தக் கண்ணுக்கும் அரை மணி நேரம் வரை ஆகும்.

இந்தக் கண்ணோடு ஒருவர் வெள்ளை வெளேரென்ற ரயில் பெட்டியிலிருந்து இறங்குகிறார். எதிரே மாறி மாறி மின்னும் விளம்பரப் பலகை. அதற்குக் கீழே இருண்ட நடைபாதை. மழை பெய்திருந்தால் தார் ரோடே பளபளக்கும். பிள்ளையை ஏற்ற வந்த மோட்டார் சைக்கிள் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும். இத்தனைக்கும் நடுவில் சாம்பல் நிறப் படியில் சாம்பல் நிற விளிம்பு எப்படித் தெரியும்?

ஆகவே, நகராண்மைக் கழகத்திடம் மனு கொடுக்கும்போது "விளக்கு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். பல்பு கண்ணில் படாமல் ஒளி தரையில் மட்டும் விழும்படி மறைப்பு கேளுங்கள். படி விளிம்புகளுக்கு மஞ்சள் சாயம் கேளுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். இரவில் விளம்பரப் பலகையின் பிரகாசத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சாலை விளக்குகள் 3000 கெல்வினை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) தாண்டாத இதமான மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது, அதையும் குறிப்பிடலாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'இரவுக் கண்ணாடி' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தை அது இன்னும் குறைக்கும். இறங்கியதும் ஓரமாகச் சற்று நின்று, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அப்புறம் நடங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் கண்ணைச் சோதிக்கும்போது இரவில் கூசுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையை நன்றாகப் படித்துவிட்டால் யாரும் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. விளக்கைச் சுற்றித் திடீரென்று வானவில் போல வளையம் தெரிந்து, கூடவே கண் வலி, தலைவலி, குமட்டல் இருந்தால் அது வேறு விஷயம். கண்ணின் அழுத்தம் சட்டென்று ஏறியிருக்கலாம். சில மணி நேரத்திலேயே பார்வை பறிபோகலாம். என் கடை திறக்கும் வரை காத்திருக்காமல், அந்த இரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.