பால், பாலினம், பால்நிலை: எதற்கு எந்தச் சொல்?

போன ஜூனில் அக்கா மகளைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மேலே 'பாலினம்' என்று ஒரு கட்டம், அதில் பெண் என்று எழுதியாயிற்று. நாலு வரி தள்ளி 'தாயின் தொழில்' என்று இன்னொரு கட்டம். என்ன எழுதட்டும் என்று அக்காவைக் கேட்டேன். "என்னத்தடா எழுதுவ, வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு போடு" என்றாள், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் கரண்டியால் குக்கர் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டபடியே. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் வகுத்து வைப்பதை ஆங்கிலத்தில் ஜெண்டர் என்கிறார்களே, அது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது கட்டத்தைத்தான் காட்டுவேன். ஆனால் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் முதல் கட்டத்தில் அச்சாகியிருக்கிறது.

பால் என்ற சொல்லிலிருந்தே வரலாம். பகுப்பு, பிரிவு என்பது அதற்குப் பழைய பொருள். அறத்துப்பால், பொருட்பால் என்று குறளைப் பிரித்திருப்பதும் இந்தப் பால்தான். இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்து. பள்ளியில் எல்லோரும் ஒப்பித்ததுதான், ஆனால் அதில் ஒரு விஷயத்தை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. காளை வந்தது, பசு வந்தது. இரண்டும் ஒன்றன்பால். தொல்காப்பிய மரபியல் களிறு, ஏறு என்று விலங்குகளின் ஆண்பாற் பெயர்களைத் தனியாகச் சொல்கிறது, சரி, ஆனால் வினைமுற்றுக்கு அது பொருட்டே இல்லை. ஆன், ஆள் என்ற விகுதி உயர்திணைக்கு, அதாவது மனிதருக்கும் தெய்வத்துக்கும்தான். உடம்பை மட்டும் பார்த்துப் பிரித்திருந்தால் காளைக்கும் 'வந்தான்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஆண், பெண் என்ற பாகுபாட்டை மனித சமூகத்தோடு சேர்த்தே நம் இலக்கணம் வைத்திருக்கிறது. 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று, அந்த இரண்டில் எளிதாக அடங்காதவரைக் குறிக்கும் சொல்லையும் தொல்காப்பியம் எண்ணிப் பார்த்து, அதற்கெனத் தனி விகுதி இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறது.

அப்புறம் 'அவர்'. பலர்பால் சொல்லை மரியாதைக்காக ஒருவருக்கே சொல்கிறோம். இன்னமும் எத்தனையோ வீடுகளில் மனைவி சொல்வது 'அவர் வந்துட்டார்', கணவன் சொல்வது 'அவ வந்துட்டா'. மேல் கீழ் என்பது விகுதியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஜெண்டர் என்ற சொல்லும் இலக்கணத்திலிருந்து வந்ததுதான். லத்தீனில் வகை, இனம் என்று பொருள்படும் ஒரு சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பல நூற்றாண்டு பெரும்பாலும் இலக்கணப் புத்தகத்திலேயே கிடந்தது. 1955-இல் ஜான் மணி என்ற உளவியலாளர் 'ஜெண்டர் ரோல்' என்று எழுதி அதை மனிதரின் நடத்தைக்குக் கொண்டுவந்தார் (அவருடைய ஆய்வு முறைகள் பிற்பாடு கடும் கண்டனத்துக்கு ஆளானது வேறு கதை). 1972-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி கோட்டைத் தெளிவாகப் போட்டார்: செக்ஸ் என்பது உடம்பு சார்ந்தது, ஜெண்டர் என்பது அந்த உடம்புக்கு இதுதான் வேலை, இதுதான் குணம், இதுதான் இடம் என்று சமூகம் ஏற்றிவைப்பது. வீட்டு வேலையையும் ஒரு வேலையாக மதித்து ஆராய்ந்தவர் அவர்.

சமூகம் ஏற்றிவைப்பது என்றால் என்ன என்பதற்குத் தறியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவுக் குடும்பங்களில் வழக்கமாகத் தறியில் உட்காருவது ஆண். ராட்டையில் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றித் தருவது, பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வேலைக்குக் கூட நிற்பது பெண். கேட்டால் "தறி ஓட்டறது ஆம்பளை வேலைங்க, கை காலுக்கு வலு வேணும்" என்பார்கள். அசாமுக்குப் போனால் நெசவு பெண்களின் வேலை, தறியில் உட்கார்ந்திருப்பது பெண். அதே மரம், அதே நூல், அதே கை கால். உடம்புதான் காரணம் என்றால் இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? வேலையைப் பிரித்தது ஊர் வழக்கம், பழியை உடம்பின் மேல் போட்டிருக்கிறோம். சமையலும் அப்படியே. வீட்டில் நாலு பேருக்குச் சோறு வடிப்பது பெண்ணின் பிறவிக் குணம். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு அதையே காசுக்குச் செய்தால் கரண்டி ஆண் கைக்குப் போய்விடுகிறது, பெயரும் 'மாஸ்டர்' ஆகிவிடுகிறது.

ஏற்றத்தாழ்வு எங்கே ஒட்டிக்கொள்கிறது என்பது இங்கே தெரியும். வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, ஒன்றுக்கு விலை வைத்தோம், இன்னொன்றுக்குச் 'சும்மா' என்று பெயர் வைத்தோம். 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அப்படிச் செய்ததாகச் சொன்ன ஆண்களே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். ஐந்து மணி நேரம் சும்மா இருக்கிறாள் என் அக்கா. விண்ணப்பத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதினேன். இல்லத்தரசி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, எந்த அரசி பாத்திரம் கழுவுகிறாள்? 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது உதவித்தொகை என்னாமல் 'உரிமைத்தொகை' என்று பெயர் வைத்தது நல்ல காரியம். பணம் சிறிதுதான், ஆனால் அந்தச் சொல்லில் செய்த வேலைக்கான ஒப்புதல் இருக்கிறது.

சரி, ஜெண்டருக்குத் தமிழில் எதைச் சொல்வது? தமிழ்நாட்டில் 'பாலினம்' நிலைத்துவிட்டது. இனம் என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருளோடும் ஒத்துப்போகிறது. சிக்கல் என்னவென்றால், உடம்பைக் கேட்கும் கட்டத்துக்கும் அதே சொல், சமூகம் ஏற்றியதற்கும் அதே சொல். இனம் என்றதும் பிறப்பிலேயே வந்தது, மாறாது என்ற எண்ணம் வேறு வருகிறது. இலங்கைத் தமிழர் 'பால்நிலை' என்கிறார்கள். பால்நிலை சமத்துவம், பால்நிலை வன்முறை என்று அங்கே அரசு ஆவணம்வரை புழங்கும் சொல். என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தம். நிலை என்பதில் நிற்கும் இடம் இருக்கிறது, உயர்நிலை தாழ்நிலை என்ற ஏற்றத்தாழ்வு இருக்கிறது, நிலை மாறும் என்பதும் இருக்கிறது. உடம்புக்குப் 'பால்' போதும். ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வதைச் சொல்லும் 'பாலின அடையாளம்' நன்றாகப் பழகிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. சமூகம் பிரித்து வைத்திருக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது பால்நிலை என்று எழுதலாம்.

தயவுசெய்து 'பாலியல் சமத்துவம்' என்று மட்டும் எழுத வேண்டாம். பாலியல் என்பது உடலுறவு, இச்சை சார்ந்தது. செய்திகளில் பாலியலும் பால்நிலையும் கலந்து வருவதால் உண்மையான இழப்பு ஒன்று நேர்கிறது. வயதுக்கு வந்ததும் ஒரு பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள், தம்பி தொடர்ந்து போகிறான். வரதட்சணை பாக்கிக்காக மருமகளை அடிக்கிறார்கள். இதில் பாலியல் வன்முறை எதுவும் இல்லை, அதனால் "அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்று ஊரும் உறவும் சொல்லிவிட முடிகிறது. நடந்தது பால்நிலை வன்முறை.