அடுப்பைச் சுமந்துகொண்டு பந்தயம் ஓடும் படகு

கடலோடும் பாய்ப்படகின் சமையல் மூலையில் அடுப்பை வைத்திருக்கும் விதமே வேடிக்கையாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளையில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். படகு 25 டிகிரி சாய்ந்து ஓடும்போது தரை சாயும், அலமாரி சாயும், மனிதர்களும் சாய்வார்கள். அடுப்பு மட்டும் நேராக நிற்கும், அதன்மேல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஜெயிப்பது மட்டும்தான் குறி என்றால் இந்த அடுப்பைக் கரையிலேயே விட்டுவிடலாம். ஊர் சுற்றுவது மட்டும்தான் என்றால் படகை இவ்வளவு சாய்த்து விரட்ட வேண்டியதில்லை. இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக வந்ததுதான் 'க்ரூசர்-ரேசர்'. இந்த வாரம் பந்தயம், அடுத்த வாரம் குடும்பத்தோடு பயணம், எல்லாம் ஒரே படகில்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது கான்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் 1970களின் தொடக்கத்திலிருந்து கட்டியது. இன்றுவரை 700-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நீளம் 9.75 மீட்டர், அகலம் 2.9 மீட்டர், எடை சுமார் 4,300 கிலோ. அதில் ஏறத்தாழ 2,050 கிலோ, கிட்டத்தட்ட பாதி, அடியில் இறங்கியிருக்கும் ஏராவுக்குள் வைத்த பாரம். (படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் பகுதிக்குத் தமிழில் ஏரா என்று பெயர். இந்த வகைப் படகில் அது ஒரு துடுப்பு போல ஆழமாக இறங்கியிருக்கும்.) ஒரு பந்தயப் படகு தன் எடையில் பாதியை எதற்காகச் சும்மா சுமந்து திரிய வேண்டும்?

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம். படகு ஓடும்போது அதன் முன்முனையான அணியத்தில் ஓர் அலை எழும்பும். அந்த அலை படகின் வேகத்திலேயே கூடவே வரும். ஆழ்கடலில் நீளமான அலை வேகமாகவும் குட்டை அலை மெதுவாகவும் ஓடும். ஆகவே படகு வேகமெடுக்க எடுக்க, அது எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஒரு முகடு அணியத்திலும் அடுத்த முகடு சரியாகப் பின்முனையிலும் வந்து நிற்கும்; நடுவில் பள்ளம், பள்ளத்தில் படகு. கான்டெஸ்ஸா தண்ணீரைத் தொடும் நீளம் 7.3 மீட்டர்தான். அவ்வளவு நீள அலையின் வேகம் சுமார் 6.5 நாட், மணிக்கு 12 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம்.

அதற்கு மேல் விரட்டினால் பின்முகடு நழுவிப் பின்னால் போய்விடும், படகின் பின்பக்கம் பள்ளத்தில் உட்காரும். தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டிய கதி. இன்னும் அரை நாட் கூட்டுவதற்கே ஏகப்பட்ட பலம் தேவைப்படும். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870களில் டார்க்கீ நகரில் நீளமான தொட்டி கட்டி, மெழுகில் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, இந்த அலைத் தடையைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

சரி, இந்த 6.5 நாட் வேகத்தை எட்ட வைப்பது பாய். காற்று பாயைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். காற்றோடு போகும்போது அது சரி. ஆனால் காற்று வரும் திசைக்கு 45 டிகிரி பக்கமாக, கிட்டத்தட்ட எதிர்த்தே, இந்தப் படகு முன்னேறும். அப்போது பாய் நிமிர்த்தி வைத்த விமான இறக்கை. வளைந்த பரப்பின்மேல் காற்று திரும்பி ஓடுகையில் பக்கவாட்டில் பெரிய விசையும் முன்னோக்கிச் சிறிய விசையும் கிடைக்கின்றன. அந்தப் பக்கவாட்டு விசையைத் தடுப்பது நீருக்குள் இருக்கும் இன்னோர் இறக்கை, அதாவது ஏரா. படகு சில டிகிரி பக்கவாட்டில் நழுவுவதால்தான் ஏராவின்மேல் தண்ணீர் ஒரு கோணத்தில் மோதி எதிர்விசை பிறக்கிறது. நழுவல் இல்லையென்றால் அந்தப் பிடிப்பும் இல்லை.

இறக்கை சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல எந்தக் கருவியையும்விடக் கம்பளி நூல் மேல். முன்பாயின் முன்விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு சாண் நூலை ஒட்டி வைத்திருப்பார்கள். இரண்டும் படுத்து நேராகப் பின்னால் ஓடினால் எல்லாம் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால், காற்றை அளவுக்கு மீறி எதிர்க்கிறோம் என்று அர்த்தம். மறுபக்கத்து நூல் துவண்டால் பாயை இறுக்கி இழுத்துவிட்டோம், காற்று ஒட்டாமல் பிரிகிறது. சுக்கான் பிடிப்பவர் கண் அந்த நூலைவிட்டு அகலாது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. காற்று 15 நாட், படகு 6 நாட் என்று வையுங்கள். காற்றோடு போனால் பாய் உணரும் காற்று 9 நாட்தான். எதிர்த்துப் போனால் ஏறக்குறைய 20 நாட். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், பாய்க்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அவ்வளவும் படகைச் சாய்க்கப் பார்க்கும். அந்த 2,050 கிலோவுக்கு வேலை வருவது இப்போதுதான்.

சாய்வை எதிர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தஞ்சாவூர் பொம்மை வழி: அடியில் கனம், எவ்வளவு சாய்த்தாலும் எழுந்துவிடும். இன்னொன்று மணைப்பலகை வழி: தண்ணீரில் மிதக்கும் மணையின் ஓரத்தை அழுத்தினால் உடனே முரண்டு பிடிக்கும். பொம்மை முதலில் இளகிக் கொடுத்து, சாயச் சாய இறுகும். மணை முதலில் இறுகி நின்று, ஓர் அளவு தாண்டியதும் மொத்தமாகக் கவிழும். கவிழ்ந்தபின் தலைகீழாகவும் அதே பிடிவாதத்தோடு மிதக்கும், அதுதான் சிக்கல். (நம் கட்டுமரத்தின் பெயரை வாங்கிக்கொண்ட 'கேட்டமரான்' இரட்டை உடல் படகுகள் முழுக்க இந்த இரண்டாம் வழி.) க்ரூசர்-ரேசர் இரண்டையும் கலந்துகொள்ளும். போதாததற்குப் பந்தயத்தில் ஆறு பேர் காற்று வரும் பக்க விளிம்பில் காலைத் தொங்கவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் 400, 450 கிலோ பாரம்தான், என்ன, சாண்ட்விச் சாப்பிடும் பாரம்.

இந்த இரண்டு வழிகளில் எதை எவ்வளவு கலப்பது என்பதை 1970களில் தீர்மானித்தது இயற்பியலைவிட விதிப்புத்தகம்தான். வெவ்வேறு படகுகள் ஒரே பந்தயத்தில் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் அளந்து சலுகை நேரம் கொடுக்க வேண்டும். அப்போதிருந்த ஐஓஆர் என்ற சர்வதேசக் கடற்பந்தய அளவீட்டு விதி, கனமான ஏராவால் வரும் உறுதிக்குத் தண்டம் போட்டது. வடிவமைப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? ஏராவின் கனத்தைக் குறைத்து, வயிற்றை அகலமாக்கினார்கள். படகுகள் ஜெயித்தன.

அப்புறம் 1979 ஆகஸ்ட் வந்தது. இங்கிலாந்தின் கவுஸிலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி பிளிமத் திரும்பும் 605 கடல் மைல் பந்தயம். 303 படகுகள் புறப்பட்டன. 13-ஆம் தேதி இரவு புயல் பிடித்துக்கொண்டது. முடித்தவை 85. ஐந்து படகுகள் மூழ்கின, பந்தயத்தில் ஓடிய 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 புறப்பட்டதில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: 'அசென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32.

ஒரு படகை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஓட்டியவர்களின் கையும் அதிர்ஷ்டமும் அதில் உண்டு. ஆனால் கணக்கு இதுதான்: கான்டெஸ்ஸாவைச் சுமார் 155 டிகிரி வரை உருட்டினாலும் அது தானாக நிமிரப் பார்க்கும். அந்தக் காலத்து அகலப் பந்தயப் படகுகள் பலவற்றுக்கு அந்த எல்லை 120 டிகிரியை ஒட்டியே இருந்தது. விபத்துக்குப் பிறகு சௌத்தாம்ப்டனில் மாதிரிகளை வைத்துச் செய்த சோதனைகளில், பக்கவாட்டில் உடைந்து விழும் அலை படகு நீளத்தில் 60 சதவீத உயரம் இருந்தால் சோதித்த எல்லாமே உருண்டன. உருளுவதைத் தடுக்க முடியாது. உருண்டபின் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதில்தான் ஏரா பேசுகிறது.

இன்றைய படகுகள் வேறு ரகம். அணியம் செங்குத்து, பின்பக்கம் அகலம், பல படகுகளில் சுக்கான் இரண்டு. பின்பக்கம் தட்டையாக அகன்றிருந்தால் பலத்த காற்றோடு போகும்போது படகு பள்ளத்தில் உட்காராமல் அலைமேல் சறுக்கி, அந்தப் பழைய 6.5 நாட் கதையைத் தாண்டிவிடும். சாயும்போது அகலப் பின்பக்கம் ஒரு சுக்கானை நீருக்கு வெளியே தூக்கிவிடும் என்பதால்தான் இரண்டாவது. 2013 ஃபாஸ்ட்நெட்டில் ஜேபிகே 10.10 என்ற பத்து மீட்டர் ரகப் படகு ஒன்றை ஓட்டிய பிரெஞ்சுத் தந்தையும் மகனும் சலுகை நேரக் கணக்கில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார்கள். இரண்டே பேர் ஓட்டிய படகு அந்தப் பந்தயத்தை ஜெயித்தது அதுவே முதல் தடவை.

மற்றபடி பந்தயக் காலையில் நடப்பதெல்லாம் எடையோடு பேரம்தான். 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 50 மீட்டர் என்றால் 70 கிலோ. அது அணியத்தில் கிடந்தால் ஒவ்வோர் அலையிலும் மூக்கு குத்தும், வேகம் போகும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே இழுத்துவந்து ஏராவுக்கு நேர்மேலே, தரையடியில் சுருட்டி வைத்துவிடுவார்கள். எஞ்சின் சுழற்றும் நீரடி விசிறியும் (ப்ரொப்பெல்லர்) பாயில் ஓடும்போது தாமரை மொட்டு மாதிரி மடங்கிக்கொள்கிற வகையாக இருக்கும், விரிந்தே கிடந்தால் சும்மா தண்ணீரை இழுக்கும். இப்படியே போனால் கதவு, ஏணி எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள் என்று விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. உலகப் பாய்ப்படகுப் பந்தய விதிகளில் 51-ஆவது விதி அதையும் தடுக்கிறது: தரைப்பலகை, தடுப்புச் சுவர், கதவு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி இவை இருந்த இடத்தில் இருக்க வேண்டும், அறையின் பொருத்துப் பொருள்கள் எல்லாம் படகிலேயே வர வேண்டும். ஆக, அடுப்பும் கூடவே வரும்.