லூருக்குள்ள இருக்கற காத்து

மரத்துல செஞ்ச லூர், அதாவது மீன ஏமாத்த தூண்டில்ல மாட்டற பொய் இரை, ஏன் சீக்கிரம் கெட்டுப்போகுதுன்னு தூண்டில் போடறவங்ககிட்ட கேட்டா "தண்ணி எறங்கிடுச்சு"ம்பாங்க. அது பாதிதான். தண்ணி உள்ள போகணும்னா அங்க ஏற்கனவே குடியிருக்கற காத்து இடம் விடணும்ல, அந்தக் காத்தப் பத்தித்தான் யாரும் பேசறதில்ல.

எனக்கே இது தெரியாம ஒரு தடவ ஏமாந்தேன். கல்லணை தொறந்து புதாத்துல தண்ணி வந்துடுச்சு, விராலுக்குப் போகணும்னு அவசரம், குமிழ் மரத்துல விரல் நீளத்துக்கு ஒரு லூர் செதுக்கி தவள மாதிரி பச்ச பெயிண்ட் அடிச்சு காலைல மொட்ட மாடில உக்காந்து மேல எப்பாக்ஸி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்து பூசற பிசின்) பூசினேன். வெயில் ஏற ஏற மேல்பூச்சு முழுக்க ஆப்பம் வெந்த மாதிரி ஓட்ட ஓட்டையா ஆயிடுச்சு. தெருக்கோடி ஆசாரி பாத்துட்டு சிரிச்சாரு, "வெயில் ஏறயில பூசுனா பொங்கத்தான் தம்பி செய்யும், சாயங்காலமா பூசுங்க"ன்னாரு. ஏன்னு கேட்டதுக்கு "எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு"ன்னு முடிச்சுட்டாரு. ஏன்ங்கறத நாமதான் தேடணும்.

மரம் மிதக்குதுன்னு நெனைக்கறோம், உண்மையில மரத்தோட சத மிதக்காது. எந்த மரமா இருந்தாலும் அந்த நாரோட சுவர் மட்டும் தனியா எடுத்தா தண்ணிய விட ஒன்றரை மடங்கு கனம். மிதக்கறது நாருக்குள்ள இருக்கற குழாய்ல அடஞ்சிருக்கற காத்தாலதான். கருங்காலில காத்துக்கு இடமே கம்மி, போட்டா முழுகிடும். வேலிக்கு நடற கல்யாண முருங்கைல காத்து ஏராளம். நம்ம ஏரிங்கள்ல வளர்ற நெட்டி இருக்கே, தஞ்சாவூர்ல கோயில் கோபுரம்லாம் செதுக்குவாங்களே, 2020ல புவிசார் குறியீடு கூட கெடச்சுதே, அது கிட்டத்தட்ட காத்துக்குச் சட்ட போட்ட மாதிரி. அழகுதான், ஆனா விரால் பல்லுக்குத் தாங்காது.

இப்ப ஒரு சின்ன கணக்கு. லூரோட உடம்பு 20 மில்லி கன அளவுன்னு வைங்க, குமிழ்ன்னா ஒரு 9 கிராம் வரும், முள்ளு, கம்பி, வயித்துல பதிச்ச ஈயம் எல்லாம் சேத்து 8 கிராம். மொத்தம் 17. லூர் முழுக்க முங்குனா தள்ளற தண்ணி 20 கிராம், அப்போ மிதக்க மிச்சம் இருக்கறது ஏறக்குறைய 3 கிராம்தான். அதாவது ஒரு சின்ன ஸ்பூன் தண்ணி கூட வேணாம், அதுக்கும் கம்மியா உள்ள போனாலே லூர் தல சாஞ்சு ஆட்டம் போயிடும். விரால் மூச்சு விட மேல வர்ற மீன், தண்ணி மேல துள்ளற லூருதான் அதுக்கு ஆச காட்டும், முழுகுன கட்டைய அது திரும்பிப் பாக்குமா?

தண்ணி போறதுக்கு முக்கியமான வழி ரெண்டு. ஒண்ணு மூக்கும் வாலும், அங்கதான் குழாய் வாய் தொறந்து கெடக்கு. இன்னொண்ணு முள்ளு மாட்ட திருகின ஸ்க்ரூ ஓட்ட. உள்ள போன ஈரத்துல மரம் உப்பும், ஆனா எல்லாப் பக்கமும் ஒண்ணா உப்பாது, நீளவாக்குல உப்பறது கண்ணுக்கே தெரியாது, குறுக்க நல்லா உப்பும், அதுலயும் வருஷ வளையத்த ஒட்டின திசைல மத்த குறுக்கு திசைய விட சுமார் ரெண்டு மடங்கு. பெயிண்ட் அந்த அளவுக்கு வளையாது, வெடிச்சிடும். வெடிப்பு வழியா இன்னும் தண்ணி. அப்புறம் என்ன, முடிஞ்சுது கத.

அதனால பெயிண்டுக்கு முன்னாடியே குழாய் வாய அடைக்கணும். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) நல்லா ஊறும், ஆனா அது காயறது தண்ணி ஆவியாகற மாதிரி இல்ல, காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து கெட்டியாகுது, நாள் கணக்குல ஆகும். (தொடச்ச துணிய சுருட்டி மூலைல போட்றாதீங்க, அந்த வினைல வர்ற சூட்டுல தானா தீப்பிடிக்கும்.) ஃபெவிக்விக் மாதிரி தண்ணியான பசை மூக்கு, வால், ஸ்க்ரூ ஓட்டைக்குப் பிரமாதம், மரத்துல இருக்கற துளி ஈரமே அத கெட்டியாக்கிடும். பருத்தித் துணியால மட்டும் தொடைக்காதீங்க, பொக வரும், கை சுடும். ஆசாரிங்க அடிக்கற சீலரும் ஓகே, ஆனா அதுல இருக்கற தின்னர் அடில இருக்கற எனாமல சுருக்கிடும், அதனால முதல்ல சீலர், அப்புறம்தான் பெயிண்ட்.

கடைசில எப்பாக்ஸி. இது காயற பொருளே இல்ல, ரெசினும் ஹார்ட்னரும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கற வினை. ஹார்ட்னர் கூட ஊத்துனா சீக்கிரம் இறுகும்னு ஊத்துவாங்க, கை கோக்க ஆள் கெடைக்காத ஹார்ட்னர் அப்படியே நின்னு பிசுபிசுங்கும், அவ்வளவுதான். ஐப்பசி அடமழைல பூசுனா இன்னொரு கூத்து, ஹார்ட்னர் ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேந்து மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் கட்டும், சோப்புத் தண்ணில கழுவாம அடுத்த கோட் போட்டா ஒட்டாது.

ஆசாரி சொன்ன சாயங்காலக் கணக்கு இங்கதான் வருது. 10 டிகிரி சூடு ஏறுனா காத்து சுமார் 3 சதவீதம் விரியும். காலைல பூசுனா மரம் சூடாகி உள்ள இருக்கற காத்து பூச்ச முட்டிக்கிட்டு வெளிய வரும், அதுதான் என்னோட ஆப்பம். சாயங்காலம் மரம் ஆறும்போது காத்து சுருங்கும், எப்பாக்ஸிய குழாய்க்குள்ள அதுவே உறிஞ்சிக்கும். அதே பூச்சு, அதே மரம், நேரம்தான் வேற. பூசினதும் இறுகற வரைக்கும் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும், இல்லன்னா வயித்துல ஒரு சொட்டு தொங்கிடும்.

எல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு பஞ்சர் கட வேல ஒண்ணு பாக்கணும். கை பொறுக்கற சூட்டுல தண்ணி எடுத்து லூர முக்கிப் பிடிங்க. சீல் ஆகாத எடத்துல குமிழி குமிழியா வரும், எனக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ அடில. பாத்த உடனே வெளிய எடுத்துடுங்க, தண்ணிலயே ஆற விட்டா காத்து சுருங்கி அந்த ஓட்ட வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். நல்லா காயவச்சு, அந்த எடத்துல ஒரு சொட்டு ஃபெவிக்விக்.