காக்டெயில்: ஒரு சொல்லின் கதை

நாகரிகமான ஒரு பாரில் மாலையில் உட்கார்ந்து மெனுவைப் பிரித்தால், பாதிக்கு மேல் 'காக்டெயில்' என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் இருக்கும். மார்டினி, டைக்கிரி, நெக்ரோனி, மொஹிட்டோ, ஓல்டு ஃபேஷன்ட் என்று பெயர்கள் நீளும். ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் புதினா, இன்னொன்றில் முட்டையின் வெள்ளைக்கரு. நிறம் வேறு, சுவை வேறு, ஊற்றித் தரும் கண்ணாடிக் கோப்பையும் வேறு. இத்தனைக்கும் பொதுவாக இன்று நாம் கொள்ளும் பொருள் இதுதான்: ஒரு மதுவோடு வேறு மதுவையோ பழச்சாற்றையோ சர்க்கரைப் பாகையோ நறுமணச் சாற்றையோ அளந்து சேர்த்துக் கலக்கிய பானம்.

தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பரந்த பொருள் கிடையாது. ஒரு குறிப்பிட்ட வகைப் பானத்துக்கு மட்டுமே அந்தப் பெயர். எந்தப் பானம் என்பது 1806-இல் வந்த ஒரு செய்தித்தாளால் நமக்குத் தெரிகிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து 'தி பேலன்ஸ் அண்ட் கொலம்பியன் ரெபாசிடரி' என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம், தேர்தலில் தோற்ற ஒரு வேட்பாளரின் வரவு செலவுக் கணக்கு என்று சொல்லி ஒரு நையாண்டிக் குறிப்பை அது வெளியிட்டது. நட்டக் கணக்கில் 720 ரம் கிராக் (தண்ணீர் கலந்த ரம்), 32 ஜின் ஸ்லிங், 25 கோப்பை காக்டெயில் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'என் தேர்தல்' என்று முடித்திருந்தார்கள். லாபம்: ஒன்றுமில்லை. இதைப் படித்த வாசகர் ஒருவர், மற்றதெல்லாம் சரி, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்டு எழுதினார். மே 13 இதழில் பதில் வந்தது. ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்த கிளர்ச்சி தரும் பானம் என்றது அந்தப் பதில். இதயத்துக்குத் துணிவு தந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும், இதை விழுங்கியவர் வேறு எதையும் விழுங்கிவிடுவார் என்பதால் வேட்பாளருக்கும் பயன்படும் என்று அரசியல் குத்தலும் அதில் இருந்தது.

இதற்கு முன்பே, 1803-இல் அமெரிக்காவிலும் 1798-இல் லண்டனிலும் பத்திரிகைகளில் இந்தச் சொல் தலைகாட்டியிருக்கிறது. ஆனால் உள்ளே என்னென்ன சேரும் என்று விளக்கிச் சொன்ன பழைய பதிவாக நமக்குக் கிடைத்திருப்பது 1806 பதில்தான். அந்த நான்கில் பெயருக்கு உரியது பிட்டர்ஸ். வேர்கள், பட்டைகள், மூலிகைகளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு அது. சில சொட்டுகள் போதும். மது, சர்க்கரை, தண்ணீர் சேர்ந்த பானத்துக்கு ஸ்லிங் என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. அதில் இந்தக் கசப்பு விழுந்தால் காக்டெயில். அதாவது, பிட்டர்ஸ் இல்லாவிட்டால் அந்தக் காலத்துக் கணக்கில் அது காக்டெயிலே இல்லை.

பின்னால் பார்க்காரர்கள் அதில் வெர்மூத் என்ற மூலிகை மணமூட்டிய வைனையும் பழ மதுக்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். 1862-இல் ஜெரி தாமஸ் என்ற அமெரிக்கப் பார்க்காரர் பானக் கலவைகளுக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டார். அதிலும் காக்டெயில் ஒரு பிரிவு மட்டும்தான். பஞ்ச், சவர், ஜூலெப் எல்லாம் தனித்தனி இனங்கள். போகப்போக அந்த ஒரு பிரிவின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. புதுப்புதுச் சேர்க்கைகள் பிடிக்காதவர்கள் 'பழைய பாணியில் கொடுங்கள்' என்று கேட்டதிலிருந்து வந்ததுதான் ஓல்டு ஃபேஷன்ட்.

அதனால் இந்தச் சொல்லின் முதற்பொருளை நாவால் அறிய விரும்புபவர் பாரில் ஓல்டு ஃபேஷன்ட் ஒன்றைக் கேட்டு, கலப்பவரின் கையைக் கவனிக்கலாம். சர்க்கரை மீது இரண்டு மூன்று சொட்டு பிட்டர்ஸ், அப்புறம் விஸ்கி, பெரிய ஐஸ் கட்டி, நீண்ட காம்புக் கரண்டியால் நிதானமான சுழற்று. கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கோப்பைக்கு மேலே பிடித்து முறுக்குவார். தோலிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் மேற்பரப்பில் படிந்து, வாய்க்கு வருவதற்கு முன்பே மூக்குக்கு மணம் வரும். 1806 பட்டியலில் இருந்த தண்ணீர் எங்கே என்று தோன்றலாம். சுழற்றும்போது கரையும் ஐஸ்தான் அது. கலக்கி முடித்த பானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ இப்படி வந்த தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் மதுவின் காரம் மற்ற சுவைகளை அமுக்கிவிடும். பழச்சாறு, முட்டை, பாலேடு சேரும் பானங்களைச் சுழற்றாமல் ஷேக்கரில் போட்டுக் குலுக்குவார்கள். காற்றும் ஐஸ் துகளும் புகுந்து அவை கலங்கலாகவும் நுரையோடும் வரும்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? காக் என்றால் சேவல், டெயில் என்றால் வால் என்று பிரிப்பது எளிது. சேவல் வாலைப் போலப் பல நிறம், கோப்பையில் செருகிய சேவல் இறகு என்ற கதைகளெல்லாம் அப்படிப் பிரித்த பின் கட்டியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. முட்டைக் கிண்ணத்துக்குப் பிரெஞ்சில் 'கொக்கெத்தியே' என்று பெயர். நியூ ஆர்லியன்ஸ் மருந்துக்கடைக்காரர் பெஷோ அதில் பானம் ஊற்றிக் கொடுத்ததால் வந்தது என்ற கதையும் உண்டு. 1806-இல் பெஷோ சின்னக் குழந்தை. அந்தக் கதையை விட்டுவிடலாம்.

குதிரைகளை வைத்துச் சொல்லும் இரண்டு விளக்கங்கள் வலுவானவை. வால் நறுக்கிய குதிரையின் வால் சேவல் வால்போல நிமிர்ந்து நிற்கும். அப்படி நறுக்கப்பட்டவை பெரும்பாலும் வண்டி இழுக்கும் குதிரைகள், தூய பந்தய இனம் அல்ல. அதனால் கலப்பினக் குதிரைக்கு 'காக்டெயில்' என்ற பெயர் வந்து, அது கலப்பு மதுவுக்குத் தாவியது என்பது ஒன்று. சோர்ந்த குதிரையை விற்கும்போது அதன் ஆசனவாயில் இஞ்சியை வைத்து வாலைத் தூக்க வைத்த வியாபாரிகளின் தந்திரத்திலிருந்து, உடலை நிமிர்த்தும் காரமான பானத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது இன்னொன்று. 1798 லண்டன் குறிப்பில் காக்டெயிலுக்குப் பக்கத்திலேயே இஞ்சியும் வருவதால் இதற்குக் கூடுதல் பலம். இரண்டில் எதுவும் முடிந்த முடிவல்ல.

தமிழில் என்ன சொல்வது? 'சேவல்வால்' என்று பெயர்க்கவே கூடாது. ஆங்கிலத்திலேயே அந்தப் பொருள் செத்துவிட்டது. 'கலப்பு மது' சிலர் எழுதுவதுதான், இலக்கணப்படி பிழையும் இல்லை. ஆனால் மது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கலப்பு' வந்தாலே தமிழ்ச் செய்தி படிப்பவருக்குக் கலப்படமும் கள்ளச்சாராயமும் நினைவுக்கு வரும். தேர்ந்த கைவேலை ஒன்றுக்கு அந்த நிழல் விழுவது எனக்குச் சம்மதமில்லை. 'தேறல்' என்ற அருமையான சங்கச் சொல் இருக்கிறதே என்றால், அது தேறிய, அதாவது தெளிந்த மது. குலுக்கி எடுத்த கலங்கல் பானத்துக்கு எப்படிப் பொருந்தும்?

நான் பரிந்துரைப்பது 'மதுக்கலவை'. கலவை என்பது அளவறிந்து சேர்த்ததைக் குறிக்கும், குற்றம் தொனிக்காது, பன்மையும் எளிது: மதுக்கலவைகள். தயாரிப்பவர் கலவையாளர். மது இல்லாத மாக்டெயிலுக்குக் 'கலவைப் பானம்' போதும். மார்டினி, நெக்ரோனி போன்றவை இடுகுறியாக நிற்கும் பெயர்கள்; அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

இதே சொல் வேறு இடங்களில் வந்தால் வேறு தமிழ் வேண்டும். மருத்துவத்தில் வரும் காக்டெயில் 'கூட்டு மருந்து'. பழத்துண்டுகள் என்றால் 'பழக்கலவை'. மொலோடோவ் காக்டெயில், 1939-40 குளிர்காலப் போரில் சோவியத் வெளியுறவு அமைச்சரைக் கிண்டல் செய்து ஃபின்லாந்துக்காரர்கள் வைத்த பெயர். அதற்குத் தமிழில் 'பெட்ரோல் குண்டு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. செய்தி எழுதுபவர்கள் அதையே எழுதலாம்.