வரைபடம் ஏன் பக்கத்துத் தெருவில் நிறுத்துகிறது?

"கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் சரியாகத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் பார்சல் கொண்டுவருபவர் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டு போன் செய்கிறார். மேப் அங்கேதான் காட்டுகிறதாம். தவறு யாருடையது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முகவரி என்பது எழுத்து. வரைபடத்துக்கு வேண்டியதோ இரண்டு எண்கள், அட்சரேகையும் தீர்க்கரேகையும். எழுத்தை எண்ணாக மாற்றும் வேலையைத்தான் ஜியோகோடிங் என்கிறோம். அந்த மென்பொருளுக்கு உங்கள் வீடு எது என்று தெரியாது. கையிலுள்ள தகவலை வைத்து ஊகிக்கிறது. சில சமயம் துல்லியமான ஊகம், சில சமயம் குத்துமதிப்பு. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிவப்புப் புள்ளியை வைத்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பின்கோடு பற்றி நமக்குத் தெரியும். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது, உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம். அஞ்சலகம் வரை கொண்டுவந்து விடுவதோடு அதன் வேலை முடிந்தது. நாடு முழுவதற்கும் சுமார் 19,000 பின்கோடுகள்தான்.

அடுத்து தெருப் பெயர். பிள்ளையார் கோயில் தெருவை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் இன்னொன்றாகும் என்று எண்ணிப் பார்த்து, மிக நெருக்கமான பெயரை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒரே பின்கோட்டுக்குள் மூன்று காந்தி தெரு இருந்தால் அதற்கும் தடுமாற்றம்தான்.

சரி, தெரு கிடைத்துவிட்டது. வீடு? இங்கே உலகெங்கும் கையாளப்படும் உத்தி ஒன்று உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1990 கணக்கெடுப்புக்காக டைகர் என்ற தெருக் கோப்பைத் தயாரித்தது. அதில் ஒவ்வொரு வீட்டின் இடமும் இருக்காது. தெருவின் ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்பது மட்டும் இருக்கும். ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறு பக்கம். 200 மீட்டர் துண்டில் 101 முதல் 199 வரை என்றால், 151ஆம் எண் வீடு சுமார் நூறாவது மீட்டரில். வெறும் விகிதக் கணக்கு.

இந்தக் கணக்குக்குத் தெரு ஒழுங்காக இருக்கவேண்டும். சென்னையில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று எழுதுகிறோம். அதே தெருவில் இன்னொருவருடைய புதிய எண் 12ஆக இருக்கும். பாகம் பிரிந்த வீடுகள் 7/1, 7/2ஏ என்று கிளைக்கும். வீடு கட்டிய வரிசையில் எண் வாங்கிய மனைப்பிரிவுகளில் 14க்குப் பக்கத்தில் 41 நிற்கும். போதாக்குறைக்கு, 13 ஆகாது என்று 12ஏ போட்டுக்கொள்கிறவர்கள். திட்டமிட்டுக் கட்டிய சண்டிகரிலேயே பல பத்தாண்டுகள் 13ஆம் செக்டார் கிடையாது. 2020இல்தான் அந்நகரின் மணிமாஜ்ரா பகுதிக்கு அந்த எண் கிடைத்தது. எண்ணைக் கண்டு பயப்படுவது அவரவர் மனத்தோடு இருந்தால் சரி. பொதுப் பதிவேட்டில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆம்புலன்ஸ் ஓட்டுபவரும் அந்த எண்ணைத்தான் தேடிவருகிறார்.

வீடு கிடைக்காவிட்டால் மென்பொருள் தெருவின் நடுப்புள்ளியைத் தரும். தெருவும் கிடைக்காவிட்டால் பின்கோடு பகுதியின் நடுப்புள்ளி. நம் வாசகரின் வீட்டுக்கும் இப்படித்தான் நடந்திருக்கவேண்டும். புள்ளி எந்த வகை என்பதை கூகுள் போன்ற சேவைகள் விடையோடு சேர்த்தே அனுப்புகின்றன: கூரை வரை துல்லியம், விகிதக் கணக்கு, நடுப்புள்ளி, தோராயம். அதைப் பயன்படுத்தும் செயலிகள் பல, இந்தக் குறிப்பை நம் கண்ணில் காட்டுவதே இல்லை.

காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பண்ணை ஒன்று சாட்சி. இணையத்தில் சேரும் கருவிகளின் இணைய முகவரிகளுக்கு (ஐபி எண்களுக்கு) இடம் சொல்லும் நிறுவனம் ஒன்று, "அமெரிக்காவில் எங்கோ" என்பதற்கு மேல் தெரியாதபோதெல்லாம் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று பதிந்துவைத்தது. அந்தப் பண்ணை அதற்கு மிக அருகில். 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அந்த ஒரு புள்ளியைக் காட்டின. மோசடிக்காரர்களைத் தேடிப் போலீஸ் வந்தது, காணாமல்போனவர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். காரணம் 2016இல் வெளியே தெரிந்த பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு நீர்நிலையின் நடுவே மாற்றிவைத்தது. "தெரியாது" என்று எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் அஞ்சல் துறை, ஹைதராபாத் ஐஐடியோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து உருவாக்கிய டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டு முறையை 2025 மே 27 அன்று வெளியிட்டது. இது தெருப்பெயரையும் கதவு எண்ணையும் தொடுவதே இல்லை. நேரே நிலத்துக்குப் பெயர் வைக்கிறது.

இந்தியாவைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள்: அட்சரேகை 2.5 முதல் 38.5 பாகை வரை, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5 வரை. நாலுக்கு நாலாக வெட்டினால் 16 கட்டங்கள். அவற்றுக்கு இப்படிப் பெயர்:

எப் – சி – 9 – 8
ஜே – 3 – 2 – 7
கே – 4 – 5 – 6
எல் – எம் – பி (P) – டி (T)

மேலிருந்து இரண்டாம் வரிசையில் உள்ள 2இல் விரலை வைத்து 3, 4, 5 என்று போய்ப் பாருங்கள். விரல் சுருளாக வெளியே விரிந்து டி-யில் முடியும். வரிசையில் அடுத்தடுத்த எழுத்துகள் நிலத்திலும் அடுத்தடுத்த கட்டங்கள். 0, 1 இரண்டும் இல்லை, அவற்றோடு குழம்பும் ஓ, ஐ எழுத்துகளும் இல்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பதினாறாக வெட்டி அடுத்த எழுத்து. முதல் எழுத்தின் கட்டம் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். இரண்டாவது 250, மூன்றாவது 62. ஆறாவது எழுத்தில் ஒரு கிலோமீட்டர், பத்தாவதில் 3.8 மீட்டர். மொத்தக் கட்டங்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் சென்னையின் பெரும்பகுதியும் செங்கல்பட்டும் 4டி3 என்று தொடங்குகின்றன.

மதுரையின் முதல் எழுத்து எம். 4க்கும் எம்முக்கும் நடுவே உள்ள கோடு 11.5 பாகை அட்சரேகை. சேலம், கடலூர் 4இல். ஈரோடு, சிதம்பரம் எம்மில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் 3.8 மீட்டர் கட்டம், வெட்டும் ஒவ்வொரு முறையும் அதன் பெரிய கட்டத்தில் அடி வரிசை. அதன் மற்ற எழுத்துகள் எல், எம், பி, டி-யில்தான் வரும். ஒட்டித் தெற்கே இருக்கும் கட்டம் எப்போதும் மேல் வரிசை: எப், சி, 9, 8. ஆக, நாலே மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு கட்டங்களின் குறியீடுகளில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாது! முதல் எழுத்துகள் ஒன்றாக இருந்தால் நிச்சயம் அருகில்தான். வேறாக இருந்தால் தூரம் என்று முடிவுகட்ட முடியாது. தூரம் வேண்டுமென்றால் அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் திருப்பித்தான் கணக்கிடவேண்டும்.

ஆனால் டிஜிபின் வந்துவிட்டதால் முகவரிகள் சரியாகிவிடாது. நாலாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஒரே குறியீடு. திறந்தவெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தவறும். கட்டடங்கள் நெருங்கிய சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து இன்னும் விலகும். அதனால் கடைசி எழுத்தை அப்படியே நம்ப முடியாது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே இருக்கிறது, தவறாக அடித்தால் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டிஜிபின்னில் அது இல்லை. பத்து எழுத்தில் எதை அந்தப் பதினாறில் வேறொன்றாக மாற்றி அடித்தாலும் அது எங்கோ ஓர் இடத்தின் சரியான குறியீடாகத்தான் இருக்கும், வங்கக் கடலாகவும் இருக்கலாம்.

எனவே வேறு சான்றோடு ஒத்துப்பார்க்கவேண்டும். குறித்த புள்ளி, எழுதிய பின்கோட்டின் எல்லைக்குள் விழுகிறதா? வாசலில் நின்று எடுத்ததா, அலுவலகத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் கூரையைத் தொட்டதா? என்றைக்கு எடுத்தது? இவை பதிவாகாத புள்ளியைப் பின்னால் யாரும் சோதிக்க முடியாது.

இதற்கு ஆள் நடக்கவேண்டும். மென்பொருளுக்கும் அறிமுக விழாக்களுக்கும் பணம் எளிதாகக் கிடைக்கிறது, வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. எந்த எண் எந்த வாசல் என்று இன்றைக்கும் முழுசாகத் தெரிந்தவர்கள் நம் தபால்காரர்களும் கிராமிய அஞ்சல் ஊழியர்களும்தான். அந்த அறிவு அவர்களோடு ஓய்வுபெற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. தினசரி பட்டுவாடாவுக்கு மேல் இலவச வேலையாக இதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. சரிபார்த்த முகவரி ஒவ்வொன்றுக்கும் தனி ஊதியம் கொடுத்து, நிலையான பட்ஜெட் ஒதுக்கிச் செய்யவேண்டும்.