குலுக்காமல் கிடைத்த 0.03

வியாசர்பாடியிலிருந்து ஒரு பிசியோதெரபி மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். காசிமேட்டில் வலை இழுப்பவர்கள், மீன் கூடை தூக்குபவர்கள் ஆகியோரின் தோள்வலிதான் அவருடைய இறுதியாண்டு ஆய்வு. முதலில் வந்த 30 பேருக்குப் புதிய உடற்பயிற்சி, அடுத்து வந்த 30 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு வாரம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்று இரண்டு குழுவையும் ஒப்பிட்டார். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டதும் பி மதிப்பு 0.03 என்று வந்தது. வழக்கமாக வைக்கும் 0.05 என்ற கோட்டுக்குக் கீழே இருக்கிறதே என்று சந்தோஷமாக வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் போனால், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதானாம்: “ஏம்மா, குலுக்கிப் போடலையா?” யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லையா என்று அர்த்தம். இல்லை என்றதும், “அப்புறம் இந்த 0.03-க்கு என்ன அர்த்தம்?” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டாராம்.

“கணக்கு சரியாத்தானே சார் இருக்கு. ஆட்களை எப்படிப் பிரிச்சோம்ங்கிறதுக்கும் பி மதிப்புக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பாடப்புத்தகங்கள் பலவற்றில் ஆய்வு வடிவமைப்பு ஓர் அத்தியாயம். பி மதிப்பு அதிலிருந்து ஏழெட்டு அத்தியாயம் தள்ளி. இரண்டும் ஒரே குலுக்கலில் பிறந்தவை என்பதை யாரும் சொல்வதில்லை. புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சராசரி, திட்ட விலக்கம், இன்மைக் கருதுகோள் எல்லாம் நீங்கள் படித்ததுதான் என்பதால் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

ஏன் குலுக்க வேண்டும்? முதலில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். மாணவியின் கடிதத்தில் தேதிகள் இருந்தன. முதல் 30 பேர் ஏப்ரல் கடைசியில் சேர்ந்தவர்கள், அடுத்த 30 பேர் ஜூன் கடைசியில். வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; வலையும் கூடையும் ஓய்வெடுக்கும், தோளும் ஓய்வெடுக்கும். முதல் குழுவின் ஆறு வாரமும் தடைக்காலத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. இரண்டாவது குழுவோ படகுகள் கடலுக்குத் திரும்பிய நேரத்தில் சிகிச்சைக்கு வந்திருக்கிறது. வலி குறைந்ததற்குப் பாராட்டு உடற்பயிற்சிக்கா, தடைக்காலத்துக்கா?

தடைக்காலம் நம் கண்ணில் பட்டுவிட்டது, அதனால் பேசுகிறோம். படாதவை எத்தனையோ. முதலில் வந்தவர்கள் வலி முற்றியவர்களாக இருக்கலாம், அல்லது சிகிச்சையில் நம்பிக்கை அதிகம் உள்ளவர்களாக இருக்கலாம். வயதையும் வேலையையும் பதிந்துகொண்டு கணக்கில் சரிக்கட்டலாம். பதியாததை, பெயர்கூடத் தெரியாததை எப்படிச் சரிக்கட்டுவது? குலுக்கல் மட்டும்தான் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மாதிரி நடத்தும். இரண்டு குழுவும் அச்சு அசலாக ஒன்றாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. மிச்சமிருக்கும் வேறுபாடு தற்செயலானது, அவ்வளவுதான். இந்தத் ‘தற்செயல்’ சாதாரண விஷயமல்ல. அதைக் கணக்கிட முடியும்.

கணக்குக்குப் போகுமுன் ஒரு சின்ன இடறல். ஒருவர் விட்டு ஒருவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பிரித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். டென்மார்க் மருத்துவர் யோஹன்னஸ் ஃபிபிகர் 1896-97-இல் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்கான சீரத்தை அப்படித்தான் சோதித்தார்: ஒரு நாள் வந்தவர்களுக்கு ஊசி, மறுநாள் வந்தவர்களுக்கு இல்லை. அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் அடுத்தவர் எந்தக் குழு என்பது சேர்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. “பாவம், இந்த அம்மா ரொம்பக் கஷ்டப்படுறாங்க, நாளைக்கு வரச் சொல்வோம்” என்று ஒரு நல்ல மனசு நினைத்தாலே போதும், ஆய்வு கெட்டுவிடும். நம் பகுதிப் பெண்கள் நடத்தும் குலுக்குச் சீட்டைப் பாருங்கள். எல்லாச் சீட்டும் ஒரே அளவுத் தாள், ஒரே மாதிரி மடிப்பு, எடுப்பது விவரம் தெரியாத சின்னப் பிள்ளை. மருத்துவ ஆய்விலும் எந்தக் குழு என்ற சீட்டை ஒளி புகாத உறையில் ஒட்டி வைப்பது இதற்குத்தான். உறையைப் பிரிக்கும்வரை மருத்துவருக்கும் தெரியக் கூடாது.

சரி, இப்போது என் பிரியமான இடத்துக்கு வருகிறேன்.

60 பேர் வேண்டாம், எட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொள்வோம். இது நானே அமைத்த எண் விளையாட்டு. எட்டுப் பேரில் நான்கு பேரைக் குலுக்கி எடுத்து உடற்பயிற்சி தருகிறோம். மற்ற நான்கு பேருக்கு வழக்கமான சிகிச்சை. பத்துக்கு இத்தனை என்று வலியை அளந்து, எத்தனை புள்ளி குறைந்தது என்று பார்க்கிறோம். உடற்பயிற்சிக் குழுவில் 6, 5, 5, 3 குறைந்திருக்கிறது, கூட்டினால் 19. அடுத்த குழுவில் 4, 2, 1, 0, கூட்டினால் 7. வித்தியாசம் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் நல்லபடியாகக் குணமாகக்கூடிய ஆட்கள் தற்செயலாக ஒரே குழுவில் விழுந்திருக்கலாமே?

இங்கே ஓர் எதிர்வாதம் செய்து பார்ப்போம். உடற்பயிற்சி சுத்தமாக வேலையே செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 6 புள்ளி குறைந்தவருக்கு எந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அதே 6 தான் குறைந்திருக்கும். 0 வாங்கியவர் இடம் மாறியிருந்தாலும் 0 தான். அதாவது எட்டு எண்களும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டவை மாதிரி, மாறாதவை. யார் நெற்றியில் எந்தக் குழுவின் பெயர் ஒட்டப்பட்டது என்பது மட்டும் குலுக்கலின் வேலை.

எட்டுப் பேரிலிருந்து நான்கு பேரை எடுக்கும் வழிகள் எத்தனை? பிளஸ் டூ கணக்கு: 70. நியாயமாகக் குலுக்கினோம் என்பதால் இந்த 70-க்கும் சம வாய்ப்பு. இப்போது 70 பிரிவுகளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் உடற்பயிற்சிக் குழுவின் கூட்டுத்தொகை என்ன வந்திருக்கும் என்று பாருங்கள். 19-ஐத் தொடுவதோ தாண்டுவதோ எத்தனை? இரண்டே இரண்டு. ஒன்று 6, 5, 5, 4; கூட்டினால் 20. இன்னொன்று நமக்குக் கிடைத்த 19. எழுபதில் இரண்டு என்றால் 0.029.

அதுதான் பி மதிப்பு. மணி வடிவ வளைவு இல்லை, டி அட்டவணை இல்லை, மென்பொருள் இல்லை. ஒரு தாளும் பேனாவும் அரை மணி நேரமும் போதும். ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள். அப்புறம் பி மதிப்பு என்றால் என்ன என்று யாரும் உங்களைக் குழப்ப முடியாது. சிகிச்சை பயனற்றதாக இருக்க 3 சதவீதம் வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. சிகிச்சை பயனற்றது என்று வைத்துக்கொண்டால், வெறும் குலுக்கலே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எத்தனை தடவை காட்டும் என்று மட்டுமே சொல்கிறது.

இதிலேயே ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. உடற்பயிற்சி நல்லதும் செய்யலாம், கெடுதலும் செய்யலாம் என்று இரண்டு பக்கமும் பார்ப்பதாக இருந்தால், எதிர்ப்பக்கத்திலும் இதே அளவு ஓரத்தில் இருக்கும் இரண்டு பிரிவுகளைச் சேர்க்க வேண்டும். அப்போது எழுபதில் நான்கு, அதாவது 0.057. அதே எட்டுப் பேர், அதே எண்கள், 0.05 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விட்டோம். எந்தப் பக்கம் பார்க்கப் போகிறோம் என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். 0.05-ஐ ஏதோ ராகுகாலம் மாதிரி, ஒரு நிமிடம் முன்னால் சுபம், ஒரு நிமிடம் பின்னால் அசுபம் என்று பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மாணவியின் கேள்விக்குப் பதில் இப்போது வந்துவிட்டது. அவருடைய 60 பேரை இரண்டாகப் பிரிக்கும் வழிகள் 18 இலக்க எண்ணில் இருக்கின்றன. எழுதித் தீராது. கணினி பல ஆயிரம் தடவை குலுக்கிப் பார்க்கும். அல்லது இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை ஒரு குறுக்கு வழியில் ஏறத்தாழ அதே விடையைத் தரும். ஆனால் அவருடைய ஆய்வில் உண்மையில் எத்தனை பிரிவுகளுக்கு வாய்ப்பு இருந்தது? ஒன்றே ஒன்றுதான். முன்னால் வந்தவர் இங்கே, பின்னால் வந்தவர் அங்கே. குலுக்கலே நடக்காதபோது, குலுக்கலால் மட்டும் இது நடந்திருக்குமா என்று கேட்பதற்கு அடித்தளம் இல்லை. வந்த வரிசையும் குலுக்கல் மாதிரிதான் என்று நாமாக நம்பிக்கொண்டால் கணக்குப் போடலாம்; அந்த நம்பிக்கையைத்தான் தடைக்காலம் உடைத்துவிட்டது. எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்று தசமத்துக்கு விடை தரும்.

குலுக்கலையும் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கட்டியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். 1920-களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போடச் சொன்னார். வயலிலிருந்து மருத்துவமனைக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்தது 1947-இல் தொடங்கிய, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மருந்து கொஞ்சம்தான் இருந்தது, எல்லோருக்கும் தர வழியில்லை. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒட்டிய உறைகளைத் தயாரித்தார். 107 காசநோயாளிகள், 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 பேர் இறந்தார்கள், மற்றதில் 14 பேர். எட்டுப் பேர் விளையாட்டை 107 பேருக்கு ஆடிப் பாருங்கள்: மருந்தால் பயனில்லை என்று வைத்துக்கொண்டால், மருந்துக் குழுவில் நான்கோ அதற்கும் குறைவாகவோ சாவு விழுவது நூறு குலுக்கலில் ஒன்றுக்கும் குறைவு. 1948-இல் வெளியான அறிக்கையும் நூறில் ஒன்றுக்குக் குறைவு என்றே சொன்னது. பலருக்குக் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதையும் அதே ஆய்வு மறைக்காமல் எழுதியது.

நம் ஊர்க் கதை இதைவிட எனக்கு நெருக்கம். 1956-இல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. அப்போது காசநோய் என்றால் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனைதான்: நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எங்கே போதும்? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கி, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் நெரிசலான வீட்டுக்கும் அனுப்பியது. இரண்டு குழுவுக்கும் ஒரே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அரைகுறைச் சாப்பாட்டோடு, ஒரே அறையில் குடும்பமே படுத்த வீட்டிலும் மாத்திரை வேலை செய்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவர்களே யார் எங்கே என்று தேர்ந்தெடுத்திருந்தால், முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள்; கடைசியில் எதையும் ஒப்பிட முடிந்திருக்காது.

அந்த ஆய்வில் குலுக்கலுக்குச் செலவு சில உறைகள்தான். பணம் போனது வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்க்கவும் சிறுநீரைச் சோதிக்கவும். நம் நாடு மொத்த உற்பத்தியில் 0.7 சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாமல், மாணவர்களிடம் மட்டும் ஆண்டுதோறும் ஆய்வறிக்கை கேட்கிறது. தரவைக் கொடுத்தால் பி மதிப்போடு பிரிண்ட் எடுத்துத் தரும் ஆட்கள் பெருகியதற்கு மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. டெங்கு காலத்தில் தெருத்தெருவாக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோமே, எந்தத் தெருவுக்கு இந்த வாரம், எந்தத் தெருவுக்கு அடுத்த மாதம் என்பதைக் குலுக்கி முடிவு செய்திருந்தால் கூடுதல் செலவில்லாமல் ஒரு பதில் கிடைத்திருக்கும். மஞ்சள்காமாலைக்கு மந்திரித்துக் கட்டுபவர்களின் புகழுக்குக் காரணமும் ஒப்பிட ஆளில்லாததுதான்; மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் குலுக்கவும் முடியாது. எண்ணூர்க் காற்றைச் சுவாசிக்க யாரையும் சீட்டுப் போட்டு அனுப்ப முடியாது. அங்கே வேறு முறைகள் வேண்டும், முடிவைச் சொல்லும்போது குரலையும் கொஞ்சம் தணிக்க வேண்டும். தோள்வலிப் பயிற்சிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மாணவி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அடுத்த தடவை குலுக்கியே பிரிக்கிறேன், ஆனால் பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்களைக் கடைசியில் நீக்கிவிடலாமா? கூடாது. வலி குறையாதவர்தான் அலுத்துப்போய் நின்றிருப்பார். அவரை எடுத்துவிட்டால் குலுக்கல் கொடுத்த நியாயமும் அவரோடு போய்விடும். அவர் வரவில்லை என்றாலும் போன் போட்டு, முடிந்தால் காசிமேட்டுக்கே போய், வலி எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் எந்தக் குழு விழுந்ததோ அந்தக் குழுவிலேயே அவரை எண்ணுங்கள். உறைகளை உங்கள் பையில் வைத்துக்கொள்ளாமல், நோயாளிகளைச் சேர்க்காத வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.